தியாகப்பிரம்மத்திற்குக் கோயில் எடுத்த நாகரத்தினம்மாள்

காவிரித் தாய் வளஞ்செய்யும் சோழவள நாட்டிலே, ஐயாறப்பர் அறம்வளர்த்த நாயகியுடன் எழுந்தருளியிருக்கும் திருவையாறு, அடியார் பலருக்கு அருட்காட்சி நல்கிய தலம். கயிலைநாதனைக் காணும் பெருவேட்கையால் வடதிசை சென்ற திருநாவுக்கரசர், நடந்தும் தவழ்ந்தும் புரண்டும் உடல் தேய்ந்த நிலையில், இறைவன் ஆணைப்படி ஒரு பொய்கையில் மூழ்கி எழுந்தது திருவையாற்றுக் குளத்திலேதான் என்று பெரிய புராணம் கூறும். எழுந்த அவ்வடியார் கண்முன் விலங்கும் பறவையும் ஆணும் பெண்ணுமாய் இணை இணையாக வந்தன. அவ்விணைகள் அனைத்தையும் சிவமும் சக்தியுமாகவே அவர் கண்டு தொழுதார். அத்தகைய ஊரிலே, ஓர் இசைஞானியின் சமாதியைக் கோயிலாக்கிய பெண்மணிக்கு அச்சன்னிதியில் பாடுவதற்கு ஒரு காலத்தில் இடம் இல்லாதிருந்தது என்றால் வியப்பாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்மணியே பெங்களூர் நாகரத்தினம்மாள்.

ஸத்குரு ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் திருவாரூரில் 1767-ஆம் ஆண்டு அவதரித்து, திருவையாற்றிலே வாழ்ந்து, 1847-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று இறைவனடி சேர்ந்தார். அதற்கு முன்னரே துறவு பூண்டிருந்தமையால் அவரது திருமேனி காவிரிக் கரையில் சமாதி செய்யப்பெற்றது. அரண்மனைச் செல்வத்தை வேண்டாது, உஞ்சவிருத்தி எடுத்துக் கிடைத்த அரிசியைக் கொண்டு தம் குடும்பத்தையும் சீடர்களையும் போஷித்த மகான் அவர். சீடர்கள் பல ஊர்களுக்குச் சென்று குருவின் கீர்த்தனங்களைப் பரப்பினார்கள். ஆனால் குருவின் சமாதியோ கவனிப்பாரற்றுப் போயிற்று. ஸ்வாமிகளின் நேர்ச் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் 1903-ஆம் ஆண்டு அங்கு வந்து பார்த்து, மனம் வருந்தி, இடத்தைச் செப்பம் செய்து கல்வெட்டு ஒன்றை நாட்டினார்கள். அவர்கள் அதைச் செய்யாதிருந்தால் பின்னர் வந்தோர்க்கு இடமே தெரியாமற் போயிருக்கலாம்.

பிறகு ஆண்டுதோறும் ஆராதனை நடக்கலாயிற்று. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் பக்தி சிரத்தையுடன் தொடங்கிய அவ்வுற்சவம், சில ஆண்டுகளுக்குள்ளேயே பெரிய கட்சி என்றும் சின்ன கட்சி என்றும் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கட்சியிலும் மகா வித்வான்கள் இருந்தார்கள். இரண்டு கட்சிக்கும் பந்தல் உண்டு, பஜனை உண்டு, போஜனம் உண்டு. ஆண்டில் சில நாட்கள் இவ்வளவு ஆரவாரம் நிகழ்ந்த அதே இடத்தில், எஞ்சிய நாட்களில் விளக்கேற்றும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. அந்தக் குறையைப் போக்க ஒருவர் வேண்டியிருந்தது.

நாகரத்தினம்மாள் மைசூர் சமஸ்தானத்தில் கபிலை நதிக்கரையிலுள்ள நஞ்சன்கூட்டில், 1878-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் பிறந்தார். தாயார் புட்டலக்ஷ்மி அம்மாள், தேவதாசி மரபினர். தந்தையாரான வக்கீல் சுப்பராவ் தாயையும் மகவையும் கைவிட்டார். நிராதரவான அத்தாய், குழந்தையை எடுத்துக்கொண்டு மைசூர் சென்று, கிரிபட்ட திம்மய்யா என்னும் வடமொழிப் புலவரிடம் கல்வி பயில விடுத்தாள். குழந்தையின் கூர்த்த மதியோ அளவு கடந்து விளங்கியது. அதுவே வினையாயிற்று. ஆசிரியர் அழுக்காறு கொண்டு, இப்பெண் சாணம் அள்ளத்தான் போகிறாள் என்று இகழ்ந்து, பாதியிலே விலக்கிவிட்டார் என்பர். மகள் பெயரும் புகழும் பெற்ற பின்னரே இவ்வூரில் மீண்டும் அடிவைப்பேன் என்று வஞ்சினம் கூறிப் புட்டலக்ஷ்மி அம்மாள் மைசூரை விட்டு வெளியேறினாள். கற்றறிந்த பண்டிதர் ஒருவருக்கு ஒரு சிறு பெண்ணின் அறிவு பொறுக்கவில்லை என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் கூசுகின்றது.

பெங்களூரில் தாய்மாமன் வேங்கடசாமியப்பாவின் ஆதரவு கிட்டியது. பிடிலும் வாய்ப்பாட்டும் வளர்ந்தன. கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றில் புலமை பெருகியதோடு ஆங்கிலமும் ஓரளவு கைவந்தது. சங்கீதம் கற்பித்த முனிசாமியப்பா, தியாகராஜ ஸ்வாமிகளின் சிஷ்யபரம்பரையில் வாலாஜாபேட்டை வழியைச் சேர்ந்தவர். ஆகவே பிற்காலத்தில் யாருடைய சன்னிதிக்குத் தம் பொருள் அனைத்தையும் ஈந்தாரோ, அப்பெருமானுடைய கீர்த்தனங்களை இளமையிலேயே குருமுகமாகப் பெறும் பேறு அம்மையாருக்கு வாய்த்தது. நாட்டியமும் அபிநயமும் முறையாகப் பயின்றார். பதினைந்து வயதளவில் மைசூர் அரண்மனையிலே பாடி ஆடிப் பாராட்டுப் பெற்றார். தாயின் சபதம் நிறைவேறியது. அந்தப் பெருமையை உலகம் நெடுநாள் கொண்டாடியபோது உடனிருந்து காணத் தாய் இல்லை. மகளின் இளம்பருவத்திலேயே அவள் கண்மூடிவிட்டாள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மையார் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய புகழ் ஓங்கியது. பெண்குரலில் அரிதாகக் காணும் கம்பீரமும் கனமும் அவர் குரலில் இருந்தன. பழைய கிராமபோன் இசைத்தட்டுகளில் அக்குரலைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறவார். 1905 முதல் 1934 வரையுள்ள காலத்தில் அவர் செய்த கச்சேரிகள் 1,200-க்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றையும் கணக்கெழுதி வைத்திருந்தார். எந்த ஊர், என்ன நாள் என்பதையெல்லாம் இவ்வாறு ஒழுங்காகக் குறித்துவைக்கும் வழக்கம் சங்கீத வித்வான்களிடையே மிக அருமை! சம்பாதித்த பொருளை வீணாக்காத அந்தக் கணக்குணர்ச்சிதான், பிறிதொரு நாளில் பெருங்கொடையாக மலர்ந்தது எனலாம்.

சென்னை வாழ்க்கையில் நேர்ந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்லவேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) அவையை அலங்கரித்த முத்துப்பழனி என்னும் கவிதாயினி, ராதிகா ஸாந்த்வனமு என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றியிருந்தாள். முன்பு அச்சேறிய பதிப்பு ஒன்று அம்மையார் கைக்கு வந்தபோது, மூலத்திலுள்ள பாடல்கள் பல அதில் இல்லை. கவிதாயினி தன் வரலாறு கூறும் பகுதியும் விடுபட்டிருந்தது. ஆண் முன்னோர் வரிசையைச் சொல்லும் வழக்கத்திற்கு மாறாக, தன் குடிப் பெண்களின் வரிசையைப் பெருமையுடன் கூறும் பகுதி அது. அதை நீக்கினால் அந்நூல் யாரால் எழுதப்பெற்றது என்பதே மறைந்துவிடும். அம்மையார் சுவடியைத் தேடிப் பெற்று, ஒப்பிட்டுத் திருத்தி, முழு நூலையும் 1910-ஆம் ஆண்டு வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்டார். சிருங்காரம் மிகுந்தது என்ற காரணங் காட்டி அடுத்த ஆண்டே அரசாங்கம் நூலின்மேல் நடவடிக்கை எடுத்துத் தடை விதித்தது. ஆண் கவிகள் பாடிய சிருங்காரம் தடையின்றி வழங்கும்போது ஒரு பெண் பாடியது மட்டும் ஏன் குற்றமாகவேண்டும் என்னும் கேள்வி அம்மையாருடைய வாதத்தின் சாரம். அதற்குச் சரியான விடை எவரிடமும் இல்லை. தடை நீங்க 1947-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. நூல் மறுபடி அச்சாகி வெளிவந்தது 1952-இல்.

1921-ஆம் ஆண்டு, மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரை அம்மையார் குருவாகப் போற்றியவர். தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி சீர்குலைந்து கிடக்கும் நிலையை அவர் எழுதி, ஏதேனும் செய்யவேண்டும் என்று தெரிவித்திருந்தார். அம்மையாருக்கு அப்போது நாற்பத்து மூன்றாவது வயது. கச்சேரிகளும் செல்வமும் சென்னையில் நிறைந்திருந்த காலம். கடிதத்தைப் படித்து அனுதாபப்பட்டு ஒரு தொகையை அனுப்பிவிட்டு இருந்திருந்தால் குறைசொல்வார் எவருமிலர். அவரோ அதைத் தமக்கு வந்த கட்டளையாகவே கொண்டார்.

சமாதியைச் சூழ்ந்த நிலம் தஞ்சை அரச குடும்பத்தாருக்கு உரியதாயிருந்தது. அதற்கு ஈடாக வேறு நிலம் கொடுத்து, இடத்தைப் பெற்று, 1921-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள் கோயிலுக்கு அஸ்திவாரமிட்டார். பிறகு மூன்றாண்டுகளுக்கு மேலாக வேலை நடந்தது. கச்சேரியில் வந்த பணம் சுண்ணாம்பும் கல்லுமாயிற்று. நகைகளும் அத்திருப்பணிக்கே சென்றன. மங்கல நாண் வேண்டாத நித்திய சுமங்கலிகள் என்று உலகம் அழைத்த குலத்தில் பிறந்த பெண்ணுக்கு, நகை வெறும் அலங்காரப் பொருளன்று. முதுமைக்கு அதுவே சேமிப்பு, நோயில் அதுவே துணை. தம் முதுமையைக் காக்கவேண்டிய பொன்னை ஒரு மகானின் விமானத்திற்கு மாற்றியவருடைய மனத் துணிவை, வீட்டில் பொன் சேமித்து வைத்திருக்கும் எவரும் அளந்து பார்க்கலாம். ஸ்வாமிகளின் சிலா விக்கிரகம் வடிக்கப்பெற்று, பிருந்தாவனத்தின் முன் பிரதிஷ்டையாயிற்று. 1925-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள் மகா கும்பாபிஷேகம் நிறைவேறியது. கும்பாபிஷேகம் என்பது கலசநீர் ஊற்றுவதோடு முடிந்துவிடுவதன்று. அன்றாட பூஜை நின்றுபோகாமல் நடக்கவேண்டும். அதற்கும் அவரே ஏற்பாடு செய்தார். ஸ்வாமிகளைப் போற்றும் அஷ்டோத்தர நாமாவளியை வடமொழியில் இயற்றியதும் அவரே.

கோயில் எழுந்தது. இனி ஆராதனையில் அம்மையாரும் பாடலாம் என்று எவரும் எண்ணுவர். ஆனால் உற்சவம் நடத்திய இரு கட்சியாரும் பெண்கள் சன்னிதியில் பாடுவதை ஏற்கவில்லை. அந்நாளில் மேடையேறிப் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி குலத்தினர் ஆகையால், மறுப்புக்குப் பின்னே குலத்தைப் பற்றிய எண்ணமும் இருந்தது. விசித்திரம் என்னவெனில், மறுத்தவர்கள் நின்ற தரையும் நிழல்தந்த கூரையும் அதே பெண்மணியின் பொருளால் ஆனவை. சங்கீதத்தில் அவர்கள் எல்லாம் பெரியவர்கள். அவர்களுடைய ஞானத்தையோ குருபக்தியையோ குறைத்துச் சொல்வது அபசாரம். ஆயினும் இவ்வொரு விஷயத்தில் அவர்கள் செய்தது தவறே.

அம்மையார் கோபித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பவில்லை. பெண் இசைவாணர்களை ஒன்றுதிரட்டினார். 1927-ஆம் ஆண்டு, சன்னிதியின் பின்புறத்தில் பெண்களே நடத்தும் ஆராதனை தொடங்கியது. ஊரார் அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயரிட்டார்கள். முன்புறத்தில் இரண்டு கட்சி, பின்புறத்தில் ஒரு கட்சி! ஓர் ஆராதனை என்றால் பாட்டு மட்டுமா? வெளியூரிலிருந்து வருவோர்க்குத் தங்க இடம் வேண்டும், வேளைக்குச் சாப்பாடு வேண்டும், பக்கவாத்தியக்காரர் வேண்டும், பூஜைத் திரவியம், பந்தல், விளக்கு, எல்லாவற்றிற்கும் மேலாக, யார் முன்னர்ப் பாடுவது, யார் பின்னர்ப் பாடுவது என்னும் தீராத வழக்கைத் தீர்த்துவைக்கும் பொறுமையும் வேண்டும். ஆண்டுதோறும் தவறாமல் அது நடந்தது என்பதே, பாடகியாகிய நாகரத்தினம்மாள் எத்தகைய நிர்வாகியும் ஆவார் என்பதற்குச் சான்று. மூன்றாவது கட்சிக்குக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிற்று.

அதே 1927-ஆம் ஆண்டில் அம்மையாருடைய வாழ்வில் மற்றொரு போராட்டமும் எழுந்தது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி சென்னைச் சட்டசபையில் குரல் எழுப்பினார். அவ்வழக்கத்தினால் சிறுமியர் பலர் பட்ட துன்பம் உண்மையானது. அம்மருத்துவ அம்மையாரின் கருணையும் உண்மையானது. சென்னை மாகாண தேவதாசிகள் சங்கத்தின் முன்னணியில் நின்ற நாகரத்தினம்மாள் கேட்டது வேறு. குலம் முழுவதையும் இழிகுலம் என்று முத்திரையிட வேண்டாம். சங்கீதமும் நாட்டியமும் சாஸ்திரமும் காத்துவந்த பெண்களின் சொத்துரிமையையும் கலையையும் சட்டத்தால் பறிக்க வேண்டாம். குற்றம் உள்ள இடத்தில் கல்வியைக் கொடுங்கள், மதப்பயிற்சியைக் கொடுங்கள் என்பதே சங்கத்தார் அரசாங்கத்திற்கு விடுத்த விண்ணப்பத்தின் கருத்து. விண்ணப்பம் வெற்றிபெறவில்லை. 1947-ஆம் ஆண்டு தடைச் சட்டம் நிறைவேறியது. சிறுமியரைக் காத்த அளவில் அச்சட்டம் நன்றே செய்தது. ஆனால் கலையை வாழ்வாகக் கொண்டிருந்த முதிய பெண்கள் பலர் அதன் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டவர் சிலரே. இரு அம்மையாரும் அக்குலப் பெண்களின் மானத்தையே நாடினார்கள். நாடிய வழிகள்தாம் எதிரெதிராக அமைந்தன. இவர்களுள் ஒருவரைப் புகழ மற்றவரை இகழ்வது இன்றும் சிலருக்கு வழக்கமாயிருக்கிறது. அது வேண்டாத வேலை.

திருவையாற்றில் காலம் மெல்ல மாறியது. மூன்று இடத்தில் மூன்று ஆராதனை நடப்பது ஸ்வாமிகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்னும் எண்ணம் வித்வான்களுக்குள்ளும் ரசிகர்களுக்குள்ளும் வலுத்தது. ஐ.சி.எஸ். அதிகாரியும் சங்கீத அபிமானியுமான எஸ். ஒய். கிருஷ்ணஸ்வாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலியோர் இடைவிடாது முயன்றார்கள். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்சிகள் யாவும் ஒன்றாயின. தியாகப்பிரம்ம மஹோத்ஸவ சபை அமைந்தது. ஒன்றுபட்ட உற்சவத்தில் பெண்களுக்கும் பாட இடம் கிடைத்தது. பின்புறத்தில் பல ஆண்டுகள் காத்திருந்த குரல்கள் முன்புறம் வந்தன. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தின கீர்த்தனங்களை வித்வான்கள் கோஷ்டியாக ஒருசேரப் பாடும் முறை ஆராதனையின் உயிர்நிலையாக நிலைபெற்றதும் ஒற்றுமை ஏற்பட்ட பிறகுதான்.

அம்மையாரோ சென்னையைத் துறந்து திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். சென்னையிலிருந்த சொத்தை விற்றுக் கோயிலுக்கு ஆக்கினார். அரசவையிலும் தனவந்தர் மாளிகையிலும் பாடிய பெண்மணி, காவிரிக் கரையிலே எளிய வாழ்வு வாழ்ந்து, காலையும் மாலையும் சன்னிதியில் வழிபாடு செய்துகொண்டிருந்தார். வித்யாசுந்தரி என்ற பட்டத்தை உலகம் முன்னரே அளித்திருந்தது. தியாகசேவாசக்தா என்ற பட்டமும் பின்னர் வந்து சேர்ந்தது. ஸ்வாமிகளின் சேவையிலே பற்றுக்கொண்டவர் என்னும் பொருளுடைய அதுவே அவருக்கு உகந்ததாயிருந்திருக்கும்.

கடைசியாக அவர் செய்த காரியம் உயில் எழுதியது. எஞ்சியிருந்த உடைமைகள் யாவும் ஸ்வாமிகளின் சன்னிதிக்கே சேரவேண்டும் என்று ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அதில் ஒரு நிபந்தனை உண்டு. சன்னிதியில் பாடவும் வழிபடவும் பெண்களுக்குத் தடை இருத்தல் கூடாது என்பதே அது. ஒற்றுமை ஏற்பட்டுவிட்டது, பெண்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் மனிதர் மனம் நாளை மாறலாம் என்பதை அறிந்தவர் ஆதலால், பத்திரத்தில் எழுதி வைத்தார். கச்சேரிக் கணக்கை ஒன்றுவிடாமல் எழுதிவைத்த அதே கை.

1952-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், தம் எழுபத்து நான்காவது வயதில், திருவையாற்றிலேயே அம்மையார் இறைவனடி எய்தினார். ஸ்வாமிகளின் சமாதிக்கு அருகிலேயே அவரையும் சமாதி செய்தார்கள். அதன்மேல் அவருடைய சிலை அமைந்திருக்கிறது. புஷ்ய பகுள பஞ்சமியன்று காவிரிக்கரைப் பந்தலில் ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து பாடும் காலையில், சற்றுத் தள்ளி, கைகூப்பி அமர்ந்த கோலத்தில், ஸ்வாமிகளின் சன்னிதியை நோக்கியவண்ணம் அம்மையார் வீற்றிருக்கிறார்.